பெருவிரலால் இழுத்துச் சுடும் பெரிய ரிவோல்வர்: டெக்சாஸ் போகும் மருமகனுக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் ஒரு முழுமையான வழிகாட்டி

உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் அக்காவின் மகன் ஒன்றரை லீற்றர் தண்ணீர்ப் போத்தலை இரண்டு கையாலும் முன்னே நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். இருபது எண்ணுவதற்குள் போத்தல் ஆடத் தொடங்கிவிட்டது. "மாமா, துவக்கைப் பற்றிக் கேட்டா தண்ணிப் போத்தலைத் தாறீங்கள்" என்றான். டெக்சாஸில் நான் வைத்திருந்த ரூகர் சூப்பர் பிளக்ஹோக், ஏழரை அங்குலக் குழலோடு ஏறத்தாழ 1.36 கிலோ. நிரம்பிய போத்தல் அதைவிடக் கொஞ்சம் கூட. போத்தலை அசையாமல் பிடிக்க முடியாதவன் அந்த ரிவோல்வரையும் பிடிக்க முடியாது. அதனால்தான் போத்தலில் தொடங்கினேன்.

அவனுக்குக் கிரீன் காட் வந்துவிட்டது, ஹூஸ்டன் போகிறான். அங்கே வேட்டைக்குப் போகும் நண்பர்கள் இருக்கிறார்கள். பெரிய ரிவோல்வர் ஒன்று வாங்க வேண்டும் என்ற ஆசை இங்கே இருக்கும்போதே பிடித்துவிட்டது. அவனுக்குச் சொன்னதை எல்லாம் கோர்வையாக எழுதிவைக்கிறேன். திருகோணமலையில் இருந்து அந்தப் பக்கம் போகிற பிள்ளைகள் ஒன்றிரண்டு பேர் இல்லை.

அந்த வகை ரிவோல்வரைச் சிங்கிள் அக்ஷன் என்பார்கள். அது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒவ்வொரு வெடிக்கும் முன்பு, துவக்கின் பின்பக்கத்தில் இருக்கும் சுத்தியலைப் பெருவிரலால் முழுதாக இழுத்து நிறுத்த வேண்டும். அப்போதுதான் தோட்டா அறைகள் உள்ள சிலிண்டர் ஓர் அறை சுழன்று அடுத்த தோட்டா குழலுக்கு நேரே வரும். விசைக்கு ஒரே வேலைதான்: நிறுத்திய சுத்தியலை விட்டுவிடுவது. 1873இல் கோல்ட் கம்பனி அமெரிக்க இராணுவத்துக்குச் செய்து கொடுத்த ரிவோல்வரின் அதே ஒழுங்கு இது. வேகமாகச் சுட ஆசைப்படுகிறவனுக்கு இது தோதுப்படாது. வேட்டைக்காரனுக்கோ ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் பெருவிரல் ஒரு கணம் யோசிக்க வைக்கும். நான் இதை விரும்பியதற்கு அந்த ஒரு கணம்தான் காரணம்.

முதலில் சட்டம்

இதைத் தாண்டாமல் அடுத்த பந்திக்குப் போக வேண்டாம். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. பயிர்க் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு சொட்கன் வைத்திருக்கும் கமக்காரரை மூதூர், கந்தளாய்ப் பக்கம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். வேட்டைக்கு ரிவோல்வர் என்பது எங்கள் நாட்டில் இல்லாத கதை. கனடாவில் 2022 ஒக்டோபரில் இருந்து தனியார் கைத்துப்பாக்கி வாங்குவதையும் கைமாற்றுவதையும் நிறுத்திவிட்டார்கள், வேட்டைக்கும் அதைப் பாவிக்க முடியாது. பிரித்தானியாவில் 1997இலேயே கைத்துப்பாக்கிகளைத் தடைசெய்துவிட்டார்கள். ஆகவே ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் சொந்தக்காரர் இதை வாசிக்கலாம், வாங்க முடியாது.

அமெரிக்காவில் கிரீன் காட் உள்ளவரும் குடியுரிமை பெற்றவரும் வாங்கலாம். மாணவர் விசாவிலோ சுற்றுலா விசாவிலோ போனவருக்கு மத்திய சட்டப்படி பொதுவாகத் தடை. வேட்டை அனுமதிப்பத்திரம் எடுத்தவருக்கு ஒரு விதிவிலக்கு உண்டு, ஆனால் ஒரு சட்டத்தரணியிடம் கேட்காமல் அதை நம்பி இறங்க வேண்டாம். அதில் பிழை விட்டால் விசாவே போய்விடும். உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது நிரம்பியிருக்க வேண்டும், நீங்கள் வசிக்கும் மாநிலத்திலேயே வாங்க வேண்டும். கடையில் 4473 என்ற படிவத்தைத் தருவார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் உண்மையை மட்டும் எழுதுங்கள். பிறகு உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார்கள். "உன்ர பேரில எடுத்துத் தாடா" என்று கூட்டாளி கேட்டால் நட்பு முறிந்தாலும் மறுத்துவிடுங்கள். இன்னொருவருக்காகத் தன் பெயரில் வாங்குவது அங்கே பாரதூரமான குற்றம். மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். நான் சொல்வது டெக்சாஸ் அனுபவம்.

வேட்டைக்கு வேறு பத்திரம் வேண்டும். 1971 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் டெக்சாஸில் வேட்டைக் கல்வி வகுப்பை முடித்திருக்க வேண்டும். தனியார் காணியில் காணிக்காரரின் சம்மதத்தோடு காட்டுப்பன்றி சுட 2019இல் இருந்து அனுமதிப்பத்திரம் தேவையில்லை. மானுக்குத் தேவை.

எந்த ரவை, எந்தத் துவக்கு

கடைக்குள் போனவுடன் கண் பெரியதில்தான் விழும். .454 கசுல், .480 ரூகர், .475 லைன்பா, .500 லைன்பா என்று தோட்டா வகைகள் வரிசையாக இருக்கும். தொடக்கக்காரனுக்கு இவை எதுவும் வேண்டாம். .44 மெக்னம் போதும். 240 கிரெயின், அதாவது பதினைந்தரைக் கிராம் சன்னத்தை நொடிக்கு ஏறக்குறைய 400 மீற்றர் வேகத்தில் அனுப்பும். மானுக்கும் பன்றிக்கும் அதற்கு மேல் தேவையில்லை. .454 கசுலின் அழுத்த எல்லை சதுர அங்குலத்துக்கு 65,000 இறாத்தல், .44 மெக்னத்தின் எல்லை 36,000. இந்த வித்தியாசத்தை உங்கள் மணிக்கட்டு உடனே உணரும்.

.44 மெக்னத்துக்கு இன்னொரு நன்மையும் உண்டு. அதே அறையில் .44 ஸ்பெஷல் என்ற மெல்லிய தோட்டாவையும் சுடலாம். கோது கொஞ்சம் கட்டை, உதை மிகக் குறைவு. பழகுவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. இதை மாற்றிச் செய்ய முடியாது. ஸ்பெஷல் துவக்கில் மெக்னம் தோட்டா போகாது, போகவும் கூடாது.

.45 கோல்ட் விரும்புகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அதன் சாதாரண அழுத்த எல்லை 14,000 இறாத்தல்தான். பலமான ரூகர் துவக்குகளுக்கென்று மருந்து கூட்டிய தோட்டாக்கள் தனியாக விற்கிறார்கள். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அந்த மருந்து கூடிய தோட்டாவைப் பழைய கோல்ட்டிலோ அதைப் பார்த்துச் செய்த பிரதியிலோ போட்டால் சிலிண்டர் வெடிக்கும், கையும் போகும். பெட்டியின் மேல் எழுதியிருப்பதை வாசிக்காமல் ஒரு தோட்டாவையும் உள்ளே போட வேண்டாம்.

துவக்கைப் பொறுத்தவரை, ரூகர் சூப்பர் பிளக்ஹோக் 1959இல் இருந்து இருக்கிறது, உழைக்கிறவனால் வாங்கக்கூடிய விலை, நல்ல பலம். வயோமிங்கில் செய்யும் ஃப்ரீடம் ஆர்ம்ஸ் 83 ஐந்து அறை கொண்டது. அதன் வேலைப்பாடு நகை வேலைபோல இருக்கும், விலையும் அப்படித்தான். கைப்பிடியில் பிஸ்லி என்ற வடிவத்தையும் கையில் எடுத்துப் பாருங்கள். பழைய கலப்பைப் பிடி வடிவம் கைக்குள் மேல்நோக்கி உருளும், பிஸ்லி நேரே பின்னுக்குத் தள்ளும். எனக்குப் பிஸ்லிதான் பிடித்தது. விசையைச் சுற்றிய வளையத்தின் பின்பக்கம் சதுரமாக இருந்தால் அது நடுவிரல் மொளியில் அடிக்கும். வாங்கும் முன் பிடித்துப் பார்த்து, விரலுக்கும் வளையத்துக்கும் இடையில் கொஞ்சம் இடைவெளி இருக்கிறதா என்று கவனியுங்கள்.

பாவித்த துவக்கு வாங்கினால் முதலில் அது வெறுமையா என்று நீங்களே பார்க்க வேண்டும். பிறகு கடைக்காரரின் அனுமதியோடு சுத்தியலை மெதுவாக இழுத்து, ஒவ்வோர் அறையும் "டக்" என்று பூட்டுகிறதா என்று கேளுங்கள். பூட்டிய சிலிண்டர் கையால் ஆட்டினால் தளம்பக்கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலான நீக்கலைப் பாருங்கள். மெல்லிய கடதாசி நுழையும் அளவு சரி. கண்ணை உறுத்தும் அளவுக்கு வெளிச்சம் தெரிந்தால் வேண்டாம்.

ஐந்தா, ஆறா?

எத்தனை தோட்டா போடுவது என்பதில் கவனம் தவறியவர்கள் தங்கள் காலையே சுட்டிருக்கிறார்கள். பழைய வடிவத்தில் சுத்தியலின் முனை தோட்டாவின் அடியிலேயே தங்கியிருக்கும். துவக்கு கைதவறிச் சுத்தியல்பட விழுந்தால் வெடிக்கும். 1973இல் ரூகர் நடுவே ஒரு தகட்டை வைத்து அந்த ஆபத்தை நீக்கியது. விசையை அழுத்தினால் மட்டும் தகடு மேலே வந்து அடியைக் கடத்தும். அதற்கு முந்தைய ரூகரின் உடலில் மூன்று திருகாணிகள் இருக்கும், புதியதில் இரண்டு ஊசிகள். பழையதையும் கம்பனி இலவசமாக மாற்றித் தரும். மாற்றியதா என்று உறுதியாகத் தெரியாவிட்டால் மாற்றாதது என்றே நடத்துங்கள்.

ஆறு அறை கொண்ட பழைய வடிவத்தில் ஐந்துதான் போட வேண்டும். முறை இது: ஒன்று போடு, ஒன்றை விடு, நான்கு போடு. பிறகு சுத்தியலை முழுதாக இழுத்து மெதுவாக இறக்கு. இறங்கிய இடம் வெறும் அறையாக இருக்கும். மருமகனுக்கு இதை விறாந்தையில் ஆறு புளியங்கொட்டையும் ஒரு வட்டக் கடதாசியும் வைத்துக் காட்டினேன். மூன்றாம் முறை அவனே சரியாகச் செய்தான்.

இறக்கும்போது துவக்கு பாதுகாப்பான மண்மேட்டைப் பார்த்து இருக்க வேண்டும். பெருவிரலைச் சுத்தியலில் அழுத்திப் பிடித்து, விசையை அழுத்தி, சுத்தியலை மெதுவாக விடுங்கள். பழைய வடிவத்தில் சுத்தியல் முழுதாக இறங்கும் வரை விசையை அழுத்தியபடியே இருங்கள், இடையில் விட்டால் சுத்தியல் அரைவழியில் மாட்டிக்கொள்ளும். புதிய ரூகரில் சுத்தியல் அசைந்ததும் விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டு மீதி வழியை விடுங்கள். வியர்த்த கையில் சுத்தியல் நழுவும். ஆகவே துடைத்துவிட்டுச் செய்யுங்கள்.

தோட்டா போடும் வழியும் இரண்டு விதம். பழைய கோல்ட் வடிவத்தில் சுத்தியலை அரைவாசி இழுத்தால்தான் சிலிண்டர் சுழலும். புதிய ரூகரில் வலப்பக்கச் சின்னக் கதவைத் திறந்தாலே போதும். ஒவ்வொன்றாகப் போட்டு, ஒவ்வொன்றாகத் தண்டால் தள்ளி வெளியே எடுக்க வேண்டும். எடுக்கும்போது குழலை மேலே தூக்குங்கள், கோது தானாக விழும்.

உடம்பு மறக்காத சத்தம்

இந்தப் பகுதியைத்தான் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு மிக ஆசை. வேறு யாரும் சொல்லித்தர மாட்டார்கள்.

2006 ஓகஸ்டில் மூதூரில் சண்டை நடந்தபோது நான் நகரத்தில் இருந்தேன். கொட்டியாரக்குடாவுக்கு அப்பாலிருந்து எறிகணைச் சத்தம் வரும். ஒவ்வொன்றுக்கும் அம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொள்வார். அடுத்த வருடம் நான் புறப்பட்டுவிட்டேன். அதெல்லாம் முடிந்த கதை என்று நினைத்துக்கொண்டுதான் டெக்சாஸில் முதல்முறை சுடும் திடலுக்குப் போனேன். ஐந்து வெடி சுட்டேன். தாளில் ஒன்றுகூட இல்லை. எல்லாம் கீழே மண்ணில் விழுந்திருந்தன.

கூட வந்த முதியவர் ஒன்றும் பேசாமல் துவக்கை வாங்கி, எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தோட்டாக்களையும் வெற்றுக் கோதுகளையும் கலந்து போட்டுத் தந்தார். எந்த அறையில் எது என்று எனக்குத் தெரியாது. முதலாவது வெடித்தது. இரண்டாவது "டிக்". வெடிக்கவில்லை, ஆனால் குழல் முனை கோயில் வாசலில் கும்பிடுகிறவர் தலைபோல இரண்டு அங்குலம் கீழே குனிந்தது. துவக்கு உதைக்கவில்லை. நான்தான், வராத சத்தத்துக்கு முன்கூட்டியே ஒடுங்கியிருக்கிறேன். கண்ணும் மூடியிருந்தது. அன்றைக்குத்தான் அந்த ஓகஸ்ட் மாதம் என் மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது என்று விளங்கியது.

இதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை. போரைப் பார்க்காதவர்களுக்கும் இந்த ஒடுக்கம் வரும், எங்களுக்குக் கொஞ்சம் ஆழமாக இருக்கும். போகும் வழி ஒன்றுதான், மெதுவாகப் போவது. முதல் மாதம் .44 ஸ்பெஷல் மட்டும் சுடுங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று வெற்றுக் கோதுகளைக் கலந்து போடச் சொல்லுங்கள். வெற்று அறையில் சுத்தியல் விழும்போது முன்குறி அசையாமல் நிற்கும் வரை மெக்னத்தைத் தொட வேண்டாம். எனக்கு அதற்கு நான்கு மாதம் எடுத்தது. பிறகு மெக்னம் சுடத் தொடங்கினாலும் ஒரு நாளுக்குப் பன்னிரண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதின்மூன்றாவது வெடியில் இருந்து கை கெட்ட பழக்கத்தைத்தான் படிக்கும்.

காதுக்கு இரட்டைக் காப்பு வேண்டும். உள்ளே நுரை அடைப்பு, மேலே மூடி. சத்தம் குறைந்தால் ஒடுக்கமும் பாதி குறையும். கண்ணாடி கட்டாயம்.

பிடித்துச் சுடுவது

வலது கை கைப்பிடியில் உயரப் பிடிக்கட்டும், இடது கை அதைச் சுற்றி மூடட்டும். இடது பெருவிரலால் சுத்தியலை இழுங்கள், வலது கைப் பிடி குலையாது. சிலிண்டருக்கும் குழலுக்கும் இடையிலுள்ள நீக்கலுக்குப் பக்கத்தில் எந்த விரலும் இருக்கக்கூடாது. அங்கிருந்து பக்கவாட்டில் சீறும் தீயும் ஈயத் துணுக்கும் விரலைக் கிழித்துவிடும். முழங்கையைக் கொஞ்சம் மடித்து வைத்தால் துவக்கு மேலே எழ இடம் கிடைக்கும். அதை எதிர்த்து மல்லுக்கட்ட வேண்டாம். எழட்டும், பிறகு தானாக இறங்கும்.

விசையை அழுத்தியும் "டிக்" என்று மட்டும் கேட்டால், குழலை இலக்கைப் பார்த்தபடியே முப்பது நொடி வைத்திருங்கள், சில தோட்டா தாமதமாக வெடிக்கும். "புஸ்" என்று மெல்லிய சத்தம் வந்தால் அதைவிடப் பெரிய ஆபத்து. சன்னம் குழலுக்குள் சிக்கியிருக்கலாம். அடுத்த வெடி அதில் மோதினால் குழல் பிளக்கும். உடனே நிறுத்தி, தோட்டாக்களை எல்லாம் எடுத்துவிட்டுக் குழலைப் பாருங்கள். பலத்த உதையில் இன்னும் சுடாத தோட்டாவின் சன்னம் கோதிலிருந்து முன்னே நழுவிச் சிலிண்டரைப் பூட்டிவிடுவதும் உண்டு. முதல் சில வெடிக்குப் பிறகு அதையும் பாருங்கள்.

உங்கள் தூரம் எது என்பதைத் துவக்கு தீர்மானிக்காது. தாள் தீர்மானிக்கும். ஒரு சாப்பாட்டுக் கோப்பையின் உட்பள்ளம் அளவு வட்டத்துக்குள் ஆறும் விழும் தூரம்தான் உங்கள் வேட்டைத் தூரம். கையைத் தாங்கி வைத்துச் சுட்டு எனக்கு அது 50 மீற்றர். தாங்காமல் நின்று சுட்டால் 30. அதற்கு அப்பால் நின்ற மானை நான் சுட்டதில்லை.

பிரட்றிக் கோட்டை மானிடம் படிப்பது

டெக்சாஸ் மலைநாட்டில் நான் போய் இறங்கிய முதல் காணியில் வேலிக்கப்பால் புள்ளிமான் கூட்டம் நின்றது. கண்ணைக் கசக்கிப் பார்த்தேன். திருகோணமலையின் பிரட்றிக் கோட்டைக்குள்ளும் கடற்கரைப் பக்கமும் நாங்கள் பிறந்தநாளில் இருந்து பார்க்கிற அதே இனம். 1930களில் இந்தியாவிலிருந்து கொண்டுபோய் விட்டவை பெருகிவிட்டன. வெளிநாட்டு மிருகம் என்பதால் அங்கே அவற்றுக்குப் பருவக் கட்டுப்பாடு இல்லை. இங்கே சட்டம் காக்கும் மிருகம், கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் வாழைப்பழம் கொடுக்கும் மிருகம்.

ஆகவே மருமகனைக் கோட்டைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கையில் ஒன்றுமில்லை, பார்க்க மட்டும். ஒரு கிடாய் மான் பக்கவாட்டில் நின்று சருகை மேய்ந்தது. முன்னங்காலின் பின்விளிம்பில் இருந்து மேலே கண்ணால் ஒரு கோடு இழுக்கச் சொன்னேன். வயிற்று விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரம். அங்கேதான் இதயமும் நுரையீரலும். மான் எங்களைப் பார்த்துத் திரும்பியது. இப்போது எங்கே என்று கேட்டேன். அவன் தோளைக் காட்டினான். இல்லை, மான் நேரே உன்னைப் பார்த்து நின்றால் சுடாதே, திரும்பும் வரை நில் என்றேன். பின்பக்கம் காட்டி நின்றாலும் அப்படித்தான். சற்றே அப்பால் சாய்ந்து நின்றால், மறுபக்கத்து முன்னங்காலைக் குறிவைத்துச் சன்னத்தை உள்ளே விடலாம். அரை மணித்தியாலம் அப்படியே பார்த்தோம். இருபது நிலை மாறியிருக்கும். அதில் சுடத்தக்கது ஐந்தாறுதான்.

பன்றிக்குத் தோளில் தடித்த நார்க் கவசம் இருக்கும், அதற்குக் கடின ஈயத் தட்டைமுனைச் சன்னம் வேண்டும். மானுக்கு விரியும் முனை போதும்.

சுட்டதும் சுத்தியலை மறுபடி இழுத்து நில்லுங்கள். விழாமல் ஓடினால் அரை மணித்தியாலம் காத்திருந்து இரத்தத் தடம் பிடியுங்கள். உடனே துரத்தினால் காயம்பட்டது வெகுதூரம் போய்ச் சாகும். மிருகத்துக்குப் பின்னால் மண்மேடோ மலைச்சரிவோ இல்லாவிட்டால் சுடவே வேண்டாம். தவறிய சன்னம் ஒரு மைலுக்கு அப்பாலும் போகும், அங்கே யாருடைய வீடு என்று உங்களுக்குத் தெரியாது.

வீட்டில் வைப்பது

ஹூஸ்டன் காற்றில் எங்கள் ஊரைப்போலவே ஈரம். தோல் உறைக்குள் விட்டுவைத்தால் நீலப்பூச்சு இரும்பு சீக்கிரமே செம்பட்டை பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்கு வாங்குங்கள், அல்லது ஒவ்வொரு முறையும் துடைத்து மெல்லிய எண்ணெய் பூசுங்கள். .44 ஸ்பெஷல் சுட்டபின் அறைக்குள் கரி வளையம் படியும். அதைத் தூரிகையால் எடுக்காவிட்டால் மெக்னம் தோட்டா சரியாக உட்காராது. உதையில் திருகாணிகளும் சிலிண்டர் நடு ஊசியும் தளரும், ஒவ்வொரு முறையும் பாருங்கள்.

துவக்கு இரும்புப் பெட்டியில், தோட்டா வேறு பூட்டில். வீட்டில் பிள்ளை இல்லை என்பது காரணமல்ல. விருந்துக்கு வருகிறவர்களுக்குப் பிள்ளைகள் இருக்கும்.

ஊருக்கு வரும்போது

அமெரிக்காவுக்குள் விமானத்தில் கொண்டுபோவதானால் வெறுமையாக்கி, பூட்டிய கடினப் பெட்டியில், விமான நிலையத்தில் அறிவித்து, சரக்குப் பொதியில் போடலாம். இலங்கைக்கு வரும்போது துவக்கு மட்டுமல்ல, ஒரு வெற்றுக் கோதுகூடப் பையில் இருக்கக்கூடாது. வழியில் இறங்கும் நாடுகளிலும் ஒரே ஒரு தோட்டாவுக்காக ஆளை மறித்து வைப்பார்கள்.

நான் ஊருக்கு வர இருந்த இரவு ஒன்றில் பழைய தோள்பையில் அம்மாவின் மருந்துகளை அடுக்கினேன். ஓரப் பையின் அடியில் விரலுக்கு ஏதோ குளிர்ந்தது. எடுத்துப் பார்த்தால் .44 தோட்டா, சுடாதது. எப்போதோ திடலுக்குக் கொண்டுபோன பை அது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். மறுநாள் அந்தப் பையைப் பயணத்திலிருந்தே விலக்கி, புதுப் பை வாங்கினேன்.

மருமகனிடம் சொன்னது இதுதான்: திடலுக்கென்று ஒரு பை, ஒரு மேற்சட்டை, ஒரு காற்சட்டை தனியாக வைத்துக்கொள். அவற்றை வேறெதற்கும் எடுக்காதே. ஊருக்குப் புறப்படும் நாளில் எல்லாப் பைகளையும் கட்டிலில் கவிழ்த்துக் கொட்டு, தையல் மூலைகளுக்குள்ளும் விரலை விட்டுத் துழாவு, அதற்குப் பிறகு மட்டும் அடுக்கு.